லேசாகத் தொடாதே

வீடு, ஜூன் 14

அன்புள்ள என்னங்கவுக்கு,

நானும் தும்பியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? எஞ்சின் ரூமில் குனிந்து நிமிரும்போது பெல்ட் கட்டுகிறீர்களா, இல்லை அது பெட்டிக்குள் மடித்தபடியே தூங்குகிறதா?

கப்பலிலிருந்து போன் பேசினால் பாதி வார்த்தையைக் கடல் தின்றுவிடுகிறது. மீதிப் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. அதனால் நீங்கள் சொன்னபடி கடிதமே எழுதுகிறேன். துறைமுக ஏஜென்ட் எப்போது கொண்டுவந்து தருகிறாரோ அப்போது படித்துக்கொள்ளுங்கள்.

தும்பி ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். புதுச் சீருடையின் கழுத்தில் தைத்திருந்த லேபிளை முதல் நாளே பிய்த்துவிட்டாள், கூடவே கொஞ்சம் துணியும் வந்துவிட்டது. சாக்ஸின் தையல் விரலில் குத்துகிறதாம், உள்ளே வெளியே மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறாள். அவளைக் கிளப்பி அனுப்பிவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் உட்கார்ந்தால், வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. மற்றபடி பள்ளிக்கூடம் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் கொஞ்சம் கண்டிப்பு.

ஒன்று கேட்கட்டுமா? போன கடிதத்தில் தண்ணீர் மோட்டார், என் கடைவாய்ப் பல், மாடியில் ஒழுகும் இடம் எல்லாவற்றையும் விசாரித்திருந்தீர்கள். மகளைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி. இடம் போதவில்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி


கப்பல், ஜூலை 6

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். பெல்ட் பெட்டியில்தான் இருக்கிறது, பொய் சொல்ல மனம் வரவில்லை. பல் வைத்தியத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகாதே, வலி வந்த பிறகு ஓடுவது உன் பழக்கம்.

இங்கே இரண்டாவது ஜெனரேட்டர் தகராறு செய்கிறது. கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டி விரல் நகத்துக்குள் கிரீஸ் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. சாப்பாடு பரவாயில்லை. சமையல்காரர் மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, நல்ல மனுஷன், உப்பு விஷயத்தில் மட்டும் கை தாராளம்.

இடம் போதாமல் இல்லை. தும்பிக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன், தலைமுடி பட்டுப் போல இருக்கும். பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. மேலும் ஆறு மாதம் இருக்கிறாயா என்று கம்பெனியில் கேட்பார்கள் போலிருக்கிறது. இருந்துவிட்டால்தான் என்ன என்று நினைக்கிறேன். உன் யோசனையை எழுது.

மோட்டாருக்கு எண்ணெய் விடச் சொல்லியிருந்தேன், விட்டாயா?

உன்
என்னங்க


வீடு, ஜூலை 29

அன்புள்ள என்னங்கவுக்கு,

மோட்டாருக்கு எண்ணெய் விட்டாயிற்று. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடத்திலிருந்து கடைக்கே போன் செய்து வரச் சொன்னார்கள். காலைக் கூட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற பெண் இவள் தோளில் விரலால் தொட்டிருக்கிறாள். இவள் திரும்பி அவள் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்த இடத்தை நானே பார்த்தேன். அந்தப் பெண்ணின் அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

டீச்சர் தும்பியின் நோட்டைக் காட்டினார். அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பென்சில் முனை ஒடிந்தால் அழுகிறாள். நாற்காலியில் சரிந்து சரிந்து கீழே விழுகிறாள், மற்றப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிக்கிறார்கள். மணி அடித்தால் மேஜைக்கடியில் புகுந்துவிடுகிறாள். "இன்னும் ஒரு வருஷம் வீட்டுலயே வச்சிருந்து கூட்டிட்டு வாங்கம்மா. இங்க அவளுக்கும் கஷ்டம், மத்தவங்களுக்கும் கஷ்டம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

உங்கள் அக்கா வந்திருந்தார். ஒற்றைப் பிள்ளை என்று தலையில் தூக்கி வைத்து ஆடியதன் பலன் இது என்றார். மறுநாள் கடையில் லென்ஸ் தேய்க்கிற அறைக்குள் போய் மெஷினை ஓடவிட்டுவிட்டு அழுதேன். வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அதை எழுதுங்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி


கப்பல், ஆகஸ்ட் 20

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

அழாதே. அழுதால் உனக்குத் தலைவலி வரும், அப்புறம் கண்ணாடியைத் தப்பாகத் தேய்த்து யாரையோ குருடாக்குவாய்.

வேறு பள்ளிக்கூடம் பார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்புறம் யோசித்தேன். எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டால் இங்கே நாங்கள் ஒருவரையொருவர் கேட்கிற முதல் கேள்வி, நிற்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான். டீச்சரிடம் அதைக் கேட்டுப் பார். கடிப்பதற்கு முன்னால், விழுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது? வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளாதே. நீ கடையிலும் அவள் வீட்டிலுமாக இரண்டு பேரும் நொந்துபோவீர்கள்.

அக்காவுக்கு நான் எழுதிக்கொள்கிறேன். நீ வாயைக் கொடுக்காதே.

தும்பிக்குப் பிடிக்காதவர்கள் கிட்டே போனால் அவள் அப்படித்தான் செய்வாள். எனக்குத் தெரியாததா? அதற்கு அவளைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் நலம். இடுப்பும் நலம்.

உன்
என்னங்க


வீடு, செப்டம்பர் 12

அன்புள்ள என்னங்கவுக்கு,

நாங்கள் நலம், இந்த முறை நிஜமாகவே. பல்லைப் பிடுங்கியாயிற்று. ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "ஒண்ணுமே நடக்கலைங்க, அந்தப் பொண்ணு சும்மா லேசாத்தான் தொட்டா" என்றார் டீச்சர். ஆனாலும் அவருக்கே மனதில் உறுத்தியிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் கை, கால், உடம்பு எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுக்கிற ஒருவர் இருக்கிறார், பிள்ளைகள் பயிற்சி அக்கா என்று கூப்பிடுவார்கள். தும்பியைப் பார்க்கச் சொல்லி டீச்சரே அவரைக் கூட்டிவந்தார்.

பயிற்சி அக்கா ஒரு காலை முழுக்க வகுப்பின் கடைசியில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் யார் தொட்டால் தும்பி துடைத்துக்கொள்வாள் என்று கேட்டார். யார் தொட்டாலும்தான், நான் முத்தம் கொடுத்தாலும்தான் என்றேன். இறுக்கிக் கட்டிக்கொண்டால் என்று கேட்டார். துடைக்கிறாளே என்று நான் அவளை அப்படிக் கட்டிக்கொண்டதே இல்லை.

நம் மேல் எறும்பு ஊர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் லேசான தொடுதல் அவளுக்கு இருக்கிறதாம். சத்தமும் அப்படித்தான், நமக்கு மணி, அவளுக்கு இடி. உடம்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரிவதில்லை, அதனால்தான் நாற்காலியிலிருந்து விழுகிறாள், பென்சிலை அப்படி அழுத்துகிறாள். அழுத்தமாக ஏதாவது பட்டால் அவளுக்கு நிம்மதி. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ தொடாதேன்னு சொல்லலைங்க. லேசாத் தொடாதேன்னுதான் சொல்றா."

கடைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. போர்டில் எழுதியது தெரியாத பிள்ளையை யாரும் அடம் என்று சொல்வதில்லை, என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். தோலுக்கும் காதுக்கும் பவர் பார்க்கிற கடை மட்டும் எந்தத் தெருவிலும் இல்லை.

இப்போது நாற்காலியின் முன்கால்கள் இரண்டையும் இணைத்துப் பழைய சைக்கிள் டியூபைக் கட்டியிருக்கிறார்கள். காலால் அதை உதைத்துக்கொண்டே எழுதுகிறாள், விழுவதில்லை. வரிசையில் கடைசியில் நிற்கிறாள், பின்னால் யாரும் கிடையாது. வகுப்பு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் வைப்பது அவள் வேலை. கனம் தூக்கினால் மனசு அடங்குகிறதாம். களிமண் பிசைகிறாள், துணி மாட்டுகிற கிளிப்பை அமுக்கி அமுக்கி விரலுக்குப் பலம் வருகிறது. மணி அடிப்பதற்கு முன்னால் டீச்சர் அவளைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டுகிறார், இவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான், மேஜைக்கடியில் போவதில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன முறை நீங்கள் வந்திருந்தபோது அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தீர்கள். அவள் புறங்கையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள், தூக்கியபோது கத்தினாள். அன்று நீங்கள் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினீர்கள். முந்தின வாரம்தான் அதைக் கழுவியிருந்தோம். இரண்டு நாள் கழித்து, கம்பெனி அவசரமாகக் கூப்பிடுகிறது என்று லீவு பாதியிலேயே கிளம்பிவிட்டீர்கள். கம்பெனியைத்தான் இத்தனை நாளும் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. அவளுக்கு உங்களைப் பிடிக்கும் என்பதை எழுதத்தான் இவ்வளவும்.

உங்கள்
கண்ணாடிக்காரி


வீடு, அக்டோபர் 9

அன்புள்ள என்னங்கவுக்கு,

போன கடிதம் வந்து சேர்ந்ததா? பதில் இல்லை. கப்பல் தூரத்தில் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

இங்கே போன வாரம் ஒரு கண்டம் தப்பியது. பயந்துவிடாமல் படியுங்கள், தும்பி என் பக்கத்தில்தான் களிமண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பள்ளியில் தீ விபத்து ஒத்திகை வைத்தார்கள். டீச்சர் அன்று லீவு. வேறு யாரும் இவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சைரன் அலறியதும் இவள் எழுந்து ஓடியிருக்கிறாள், திறந்திருந்த கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி. எனக்குப் போன் வந்தபோது ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூக்கிலேயே அதை விட்டுவிட்டு ஓடினேன்.

ஆளாளுக்கு ஒரு பக்கம் தேடினோம். கடைசியில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து மெத்தைக் கடைக்காரர் வாசலில் வந்து நின்று கையைக் காட்டினார். அடுக்கி வைத்திருந்த இரண்டு மெத்தைகளுக்கு நடுவில், புத்தகத்துக்குள் வைத்த இலை மாதிரி படுத்திருந்தாள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. "நான்தான் இழுக்காம விட்டேம்மா. உள்ள போனதும் அதுக்கு மூச்சு சீராயிடுச்சு" என்றார் அவர். நானும் அவளை இழுக்கவில்லை. மேல் மெத்தையின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு அவளாக வரும்வரை நின்றேன்.

மறுநாள் நிர்வாகத்தில் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொள்வது ஆபத்து, கூட்டிக்கொண்டு போங்கள் என்று அங்கிருந்த அதிகாரி, கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை என் பக்கம் நகர்த்திவிட்டார். ஒரு வருஷம் வீட்டில் வைத்திருங்கள் என்று முன்பு சொன்ன அதே டீச்சர் அங்கே இருந்தார். அவர் எழுந்து நின்று, "அவ ஓடிப்போகலை சார், சத்தத்துக்குப் பயந்து தப்பிச்சிருக்கா. சொல்லாம சைரன் அடிச்சது நாமதான். கேட்டைத் திறந்து வச்சதும் நாமதான்" என்றார். அவர் உட்காரவில்லை, அந்தத் தாள் திரும்பி அவர்கள் பக்கம் போகும்வரை நின்றுகொண்டே இருந்தார். இனி எந்த மணியாக இருந்தாலும் அவளிடம் முதலில் சொல்ல வேண்டும், கேட் பூட்டியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி


கப்பல், அக்டோபர் 27

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். நான் நலம்தான்.

ஜெனரேட்டர் சரியாகிவிட்டது. இரண்டு நாள் காற்று பலமாக இருந்தது, இப்போது கடல் அமைதி. சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டார். அந்த டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். மெத்தைக் கடைக்காரருக்கும்.

பொம்மையை இங்கேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தத் தலைமுடி ரொம்ப மிருதுவாக இருந்தது, வேண்டாம்.

ஒரு சந்தேகம். பயிற்சி அக்காவிடம் கேட்டு விவரமாக எழுது. எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்? என் கை முரட்டுக் கை, உனக்குத் தெரியும். போல்ட் முடுக்கியே பழகிய கை. எலும்பில் பட்டுவிட்டால்? தாடி குத்துமா, மழித்துவிட வேண்டுமா? கிரீஸ் வாடைக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

என் அறையில் மெத்தையைச் சுருட்டி வைத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் சமையல்காரர் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "மெத்தை எப்படி சார் வலிக்குதுன்னு சொல்லும்? என்னைப் பிடிச்சுப் பாருங்க" என்றார். பிடித்தேன். கொஞ்சம் குறைக்கலாம் என்றார்.

உன்
என்னங்க


வீடு, நவம்பர் 8

அன்புள்ள என்னங்கவுக்கு,

சமையல்காரர் நலமா? விலா எலும்பெல்லாம் முழுசாக இருக்கிறதா? உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் வேறு மாதிரியாகிவிட்டது. கண்ணில் தூசி என்று சொன்னேன். கண்ணாடிக் கடையில் அதை யார் நம்புகிறார்கள்?

பயிற்சி அக்கா சொன்னது இதுதான். பின்னாலிருந்து வரக் கூடாது, அவள் பார்க்கும்படி முன்னால் வர வேண்டும். முதலில் கேட்க வேண்டும். விரலால் வருடக் கூடாது, உள்ளங்கை முழுவதையும் வைத்து நிதானமாக அழுத்திப் பிடித்து அப்படியே இருக்க வேண்டும். போதும் என்றால் உடனே விட்டுவிட வேண்டும். தாடி வேண்டாம். கிரீஸ் வாடையைப் பற்றிக் கேட்டதற்கு, "அது அவங்க அப்பா வாடைங்க, பழகட்டும்" என்றார்.

முக்கியமாக ஒன்று சொன்னார். அவள் வரவில்லை என்றால் வாட்டம் காட்டக் கூடாது, காத்திருக்க வேண்டும். உங்களால் முடியுமா?

நேற்று தலை சீவிவிடும்போது தும்பி தானாகவே கேட்டாள். "நான் தொடைச்சதாலதான் அப்பா போயிட்டாரா?" ஒரு வருஷமாக அந்தக் கேள்வியை எங்கே வைத்திருந்தாளோ தெரியவில்லை. இல்லை, அப்பாவுக்கு வேலை என்றேன். அவள் நம்பினாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் வந்து சொன்னால் நம்புவாள்.

உங்கள்
கண்ணாடிக்காரி


கப்பல், நவம்பர் 24

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நலம். கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, ஏஜென்ட் காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்னும் ஆறு மாதம் இருங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். இந்த முறை நிஜமாகவே கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். டிசம்பர் இரண்டாவது வாரம் வந்துவிடுவேன், முழு லீவும் இருப்பேன்.

ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வராதே, சத்தமாக இருக்கும். வீட்டுக்கே வருகிறேன்.

உன்
என்னங்க


கப்பல், பிப்ரவரி 17

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அங்கே எல்லோரும் எப்படி? தும்பியின் டியூப் போன வாரம் அறுந்துவிட்டதே, புதிது கட்டினார்களா?

நேரில் சொல்ல வராத ஒன்றை எழுதுகிறேன். நான் வந்த முதல் வாரமெல்லாம் அவள் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கிட்டே வரவில்லை. நீ பார்வையாலேயே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் சிரித்த முகமாக இருந்தேனே தவிர உள்ளே எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் பள்ளி முடிந்து அவளை நான் கூட்டிவந்தேன். நீ கடையில் இருந்தாய். சமையலறையில் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகியது, மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று வயிற்றின் மேல் முழுக் கனமாக ஒன்று வந்து உட்கார்ந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தது. நான் ஸ்பேனரைத் தள்ளி வைத்தேன்.

அப்புறம் அவளே ஆரம்பித்தாள். மெத்தைக் கடையில் உள்ளே எப்படி இருட்டாக இருந்தது, டீச்சர் காதைத் தொட்டுக் காட்டினால் அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம், அவள் கடித்த பெண் இப்போது அவளுக்குக் கிளிப் பிடித்துக் கொடுக்கிறாள், எல்லாம். நான் தொட்டியின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டே "ம்" போட்டேன். நடுவில் ஒரு தடவை, "துடைச்சதுக்கா போனீங்க?" என்றாள். "ஆமாண்டா. எனக்குத் தப்பாப் புரிஞ்சிடுச்சு" என்றேன். "சரி, இப்ப பிடிங்க" என்றாள். இரண்டு உள்ளங்கையையும் அவள் முதுகில் வைத்துப் பிடித்தேன். "இன்னும்" என்றாள்.

குழாய் எப்போதோ சரியாகிவிட்டது. கை மரத்துப் போயிற்று, இடுப்பு போயே போய்விட்டது. ஆனால் அவள் எழுந்திருக்கும்வரை நான் அங்கேயே கிடந்தேன். உனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

உன்
என்னங்க


வீடு, மார்ச் 5

அன்புள்ள என்னங்கவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இடுப்புக்குத் தைலம் வைத்தனுப்பியிருக்கிறேன், தடவுங்கள். டியூப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். தும்பியின் நோட்டில் தாள் கிழிவதில்லை, எழுத்து இன்னும் கோணல்மாணல்தான், ஆனால் இருக்கிறது. சில நாள் இன்னும் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்காருகிறாள். பிறகு அவளாகவே எழுந்து வருகிறாள், யாரும் கூப்பிடுவதில்லை. உங்கள் அக்கா வந்தபோது, "அத்தை, தொடணும்னா அழுத்தித் தொடுங்க" என்று அவளே சொன்னாள். அக்கா அப்படியே தொட்டார்.

குழாய் விஷயம் எனக்குத் தெரியும்.

அன்று கடையில் கரண்ட் இல்லை, சீக்கிரமே வந்துவிட்டேன். கதவைத் திறந்ததும் தொட்டிக்கு வெளியே உங்கள் இரண்டு காலும் தெரிந்தன, உங்கள் மேல் அவள். ஸ்பேனர் எட்டாத தூரத்தில் சும்மா கிடந்தது. உங்கள் இரண்டு கையும் அவள் முதுகில் இருந்தன. அவள் தலையை உங்கள் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, படியிறங்கிவிட்டேன். தெருமுனை வரை போனேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். அயர்ன் கடைக்காரர், "என்னம்மா, சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை, வீட்டில் ஆள் இருக்கிறது என்றேன். ஆள் இருக்கிற வீட்டுக்குப் போகாமல் இவள் ஏன் தெருவில் நடக்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார்.

விளக்குப் போடும் நேரம்வரை நடந்தேன். கால் வலிக்கவில்லை.

சீக்கிரம் வாருங்கள் என்று எழுத மாட்டேன். வேலை முடிந்ததும் வாருங்கள், அது போதும்.

உங்கள்
கண்ணாடிக்காரி